கிராம்பை மருந்தாக எடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, படிப்படியாக

காலையில் வெறும் வயிற்றில் ரெண்டு கிராம்பு மெல்லுங்கள், ராத்திரி கிராம்புத் தண்ணீர் குடியுங்கள், பல்வலிக்கு எண்ணெய் தடவுங்கள் என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு யோசனை வருகிறது. எவ்வளவு, எத்தனை நாள், யார் எடுக்கக் கூடாது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பிரியாணியில் போடுகிற பொருள்தானே என்ற தைரியத்தில் எண்ணெயைத் தேக்கரண்டியில் ஊற்றிக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இந்தப் பதிவில் அளவைத்தான் முதலில் பேசப் போகிறேன்.

படி 1: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கிராம்பின் காரத்துக்கும் மணத்துக்கும் நாக்கை மரத்துப்போக வைக்கும் குணத்துக்கும் காரணம் யூஜினால் என்ற பொருள். காய்ந்த கிராம்பின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். அந்த எண்ணெயில் 70 முதல் 90 சதவீதம் யூஜினால்.

ஒரு நல்ல கிராம்பு ஏறக்குறைய 0.1 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிராம்பில் 10 முதல் 18 மில்லிகிராம் யூஜினால். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 150 மில்லிகிராம்.

இப்போது கையில் இருப்பதை இந்த வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கிராம்பு அதிகம் போனால் 36 மில்லிகிராம். வரம்புக்கு வெகு கீழே. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி கிராம்புப் பொடி ஏறக்குறைய 2 கிராம், அதாவது 20 கிராம்பு. புதிதாக அரைத்ததாக இருந்தால் அந்த ஒரு கரண்டியே வரம்பைத் தாண்டிவிடும். எண்ணெய்க்கு வந்தால், ஒரே ஒரு சொட்டு சுமார் மூன்று கிராம்புக்குச் சமம். ஒரு மில்லி லிட்டர் எண்ணெயில் 700 மில்லிகிராமுக்கு மேல் யூஜினால் இருக்கிறது, அதாவது வரம்பைப் போல் ஐந்து மடங்கு.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் முழுக் கிராம்போடு நின்றுகொள்ளுங்கள். எண்ணெயை எந்தக் காரணத்துக்காகவும் குடிக்க வேண்டாம்.

படி 2: உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள்

குழம்பிலும் மசாலா டீயிலும் போடும் அளவு அநேகமாக எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும். மருந்தாக நினைத்துத் தினமும் தனியாக எடுப்பது வேறு விஷயம். கீழே சொல்லும் நிலையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்தான் முதலில் வருகிறார்கள். யூஜினால் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் தன்மை உடையது. வார்ஃபரின், அசெனோகுமரால், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவையும் ஏதோ ஒரு வழியில் ரத்தம் உறைவதைத்தான் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் பெரும்பாலும் இந்த மாத்திரைகளில் ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை எடுத்து ஒருமுறை பெயரைப் படித்துப் பாருங்கள்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். பல் பிடுங்கப் போவதாக இருந்தாலும் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கிராம்பு சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமாக இருப்பவை பெரும்பாலும் விலங்குகளிடம் செய்த ஆய்வுகளும் மிகச் சிறிய ஆய்வுகளும்தான். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மாத்திரையோடு சேர்த்து அதிக அளவில் எடுத்துச் சர்க்கரை சட்டென இறங்கினால் அதுவும் ஆபத்துதான். கல்லீரல் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் அப்படியே.

படி 3: நல்ல கிராம்பை வாங்குங்கள்

எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக் கிராம்பைக் காயவைத்து நல்லதோடு கலந்து விற்பது பழைய மோசடி. கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கிராம்பை எடுத்துக் காம்பில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல கிராம்பு என்றால் அழுத்திய இடத்தில் மினுமினுப்பாக எண்ணெய் கசியும், விரலில் மணம் வெகுநேரம் நிற்கும். சக்கை என்றால் வறண்டு நொறுங்கும். இன்னொன்று, ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து கிராம்பைப் போடுங்கள். நல்லது அடியில் போகும், அல்லது தலை மேலே இருக்க நெட்டுக்குத்தாக நிற்கும். எண்ணெய் போனது படுத்தவாக்கில் மிதக்கும்.

தலையில் அந்தச் சின்ன உருண்டை உதிராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. மொட்டு இளஞ்சிவப்பாகும்போது பறித்து, வெயிலில் காயவைத்தால்தான் இந்தப் பழுப்பு நிறம் வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மாறாமலை, கரும்பாறை பக்கத்து மலைத்தோட்டங்களில் விளையும் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தால் வாங்குங்கள், மணமே தனி.

பொடியாக வாங்க வேண்டாம். எதைக் கலந்தார்கள் என்று தெரியாது, மணமும் சீக்கிரம் போய்விடும். முழுதாக வாங்கி, காற்றுப் புகாத கண்ணாடி டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள்.

படி 4: எடுக்கும் முறை

முதல் நாள் ஒரே ஒரு கிராம்பு போதும். சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் அடக்கி, மெதுவாகக் கடித்து, காரம் இறங்கியதும் துப்பிவிடலாம், விழுங்கவும் செய்யலாம். பீடாவில் குத்திவரும் கிராம்பை மெல்வதும் இதே அளவுதான். ஒரே பக்கத்தில் ரொம்ப நேரம் அடக்கி வைத்தால் கன்னத்தின் உள்பக்கம் வெந்துபோன மாதிரி எரியும், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீராகக் குடிக்க விரும்பினால், இரண்டு கிராம்பை அம்மியிலோ இடிகல்லிலோ ஒரு தட்டுத் தட்டி, ஒரு டம்ளர் கொதித்த தண்ணீரில் போட்டு உடனே மூடிவிடுங்கள். மூடாவிட்டால் ஆவியோடு எண்ணெயும் போய்விடும். பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடியுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது நிச்சயம் ஒத்துவராது. மெல்லுவது, தண்ணீர் இரண்டையும் சேர்த்து நாளுக்கு இரண்டு மூன்று கிராம்பைத் தாண்ட வேண்டாம். ஓரிரு வாரம் எடுத்துவிட்டு இடைவெளி விடுங்கள்.

வாய் துர்நாற்றம் குறையும், தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும், சாப்பிட்டபின் வரும் வயிற்று உப்புசம் சிலருக்குக் குறையும். இவ்வளவைத்தான் நான் எதிர்பார்க்கச் சொல்வேன்.

படி 5: பல்வலிக்கு

கிராம்புக்கு உண்மையான வேலை இங்கேதான். பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் சாந்தில் துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைத்தான் குழைக்கிறார்கள். வீட்டில் செய்வதானால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஒன்று அல்லது இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் கலந்து, சின்னப் பஞ்சை நனைத்து, பிழிந்து, சொத்தை உள்ள பல்லின் மேல் மட்டும் சில நிமிடம் வையுங்கள். ஈறில் படக் கூடாது. ஊறும் எச்சிலைத் துப்புங்கள். கலக்காத எண்ணெயைத் திரும்பத் திரும்ப வைத்தால் ஈறு புண்ணாகிவிடும்.

வலி மரத்துப்போகுமே தவிர சொத்தை ஆறாது. ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போங்கள். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் இந்த எண்ணெயைத் தடவவே கூடாது.

படி 6: கேப்சூல் வாங்குவதாக இருந்தால்

எனக்கு இது அவசியம் என்று தோன்றவில்லை. வாங்குபவர்கள் லேபிளில், உள்ளே இருப்பது வெறும் பொடியா, சாறு இறுக்கியதா, எண்ணெயா என்று முதலில் பாருங்கள். 500 மில்லிகிராம் பொடி என்றால் ஐந்து கிராம்புக்குச் சமம் என்று கணக்குப் போடலாம். இறுக்கிய சாறு என்றால் அந்தக் கணக்கு செல்லாது, பல மடங்கு வீரியமாக இருக்கலாம். எத்தனை மில்லிகிராம் என்றே போடாத டப்பாவையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோ ஆயுஷ் உரிம எண்ணோ இல்லாத டப்பாவையும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

படி 7: எப்போது நிறுத்துவது

வாயில் எரிச்சல், கொப்புளம், தோலில் அரிப்பு, தொடர்ந்த நெஞ்செரிச்சல், பல் தேய்க்கும்போது வழக்கத்துக்கு மாறாக ரத்தம், அடிபடாமலே கன்றிப்போன நீலத் தழும்பு, சர்க்கரை இறங்கிப் படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். உதடோ முகமோ வீங்கினாலும் மூச்சு முட்டினாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

எண்ணெய்ப் புட்டியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். 5 முதல் 10 மில்லி வரை குடித்த இரண்டு வயதுக் குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் கடுமையான கல்லீரல் பாதிப்பும் வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். 108ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டும். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரியச் சில மணி நேரம் ஆகும்.