விற்ற ஆர்ச்டாப்பைத் திரும்ப வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாப் எனும் மேல்பலகையை வயலினைப்போல வளைவாகச் செதுக்கிய கிட்டார்தான் ஆர்ச்டாப். தனக்கென்று சொல்லிச் செய்யவைத்த அப்படி ஒரு கிட்டாரை ஏதோ ஒரு நெருக்கடியில் விற்றுவிட்டு, அப்புறம் அதையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தேடக் கிளம்புகிறார்கள். நான் கிட்டார் பழுது பார்ப்பவன். அப்படித் திரும்ப வாங்கப்பட்ட கிட்டார்கள் என் மேசைக்கு வருகின்றன, பெரும்பாலும் ஒரே மாதிரியான தவறுகளோடு. அவற்றில் சிலவற்றை என் கிட்டாரைத் திரும்ப வாங்கிய காலத்தில் நானும் செய்திருக்கிறேன்.

விற்பவர் நம்பகமானவரா என்று பாருங்கள், ரசீது கேளுங்கள், வாசித்துப் பார்த்து வாங்குங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## முதல் கடிதத்திலேயே மனதைக் கொட்டுவது

இப்போது வைத்திருப்பவருக்கு எழுதும்போது, அந்தக் கிட்டாரைப் பிரிந்து நீங்கள் பட்ட பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். அவருக்கும் அது ஆசையாக வாங்கிய கிட்டார். நீங்கள் உருகினால் ஒன்று விலை ஏறும், இல்லையென்றால் அவர் சங்கடப்பட்டுப் பதிலே போடமாட்டார்.

"இது ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது. எப்போதாவது கொடுக்க நினைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். கூடவே உங்களிடம் உள்ள பழைய படங்கள், எந்த மரம், என்ன பிரேசிங் (டாப்பின் உட்பக்கம் ஒட்டும் தாங்குகட்டைகளின் அமைப்பு) என்று செய்தவரோடு பேசி முடிவு செய்த குறிப்புகளின் நகல் இவற்றை அனுப்பிவையுங்கள். தன் கிட்டாரின் பூர்விகம் தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம். விற்கும் நாள் வந்தால் உங்கள் பெயர் அவருக்கு நினைவுக்கு வரும்.

## எண்ணை மட்டும் நம்புவது

டாப்பில் f எழுத்து வடிவில் வெட்டிய எஃப் துளைக்குள் தெரியும் லேபிளில் எண் சரியாக இருக்கிறது என்பதற்காக அது உங்கள் கிட்டார் ஆகிவிடாது. லேபிள் என்பது ஒட்டப்பட்ட காகிதம். நியூயார்க்கில் சொந்தமாகக் கடை வைத்து ஆர்ச்டாப் செய்த ஜான் டி'ஆஞ்செலிகோ, தன் கிட்டார்களை எண் போட்டு நோட்டில் பதிந்து வைத்தார். அந்த வரிசை 2164-இல் முடிகிறது. எல்லோரும் அப்படிப் பதிவு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பின்பலகையைப் பாருங்கள். பெரும்பாலான ஆர்ச்டாப்களில் ஒரே மேப்பிள் துண்டை இரண்டாக அறுத்து, புத்தகம்போல் விரித்து ஒட்டியிருப்பார்கள். அந்த வரிகள் கைரேகை மாதிரி; இன்னொரு கிட்டாரில் அப்படியே அமையாது. பழைய படத்தில் வரிகள் எந்த இடத்தில் வளைகின்றன, சிறு புள்ளி ஏதாவது எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

## பழகிய கிட்டார்தானே என்று அளக்காமல் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான். காசையும் அதிகம் தின்பது இதுதான்.

ஒருவர் தன் பழைய ஆர்ச்டாப்பைத் திரும்ப வாங்கி, செட்டப் செய்து, அதாவது வாசிக்க ஏற்றபடி சரிப்படுத்தி, தரச் சொல்லிக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் என் கண் பிரிட்ஜில், டாப்பின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் கட்டையில், போய் நின்றது. மிகவும் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு சிறு சக்கரங்களும் அடிக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தன. இனி இறக்க இடமில்லை. கம்பிகளைத் தளர்த்தி பிரிட்ஜைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அடிக்கட்டையின் கால்கள் இருக்க வேண்டிய தடிமனில் பாதிகூட இல்லை. அடிப்பக்கத்தில் அரத்தின் கீறல்கள். ஓரத்தில் பழைய மெருகு அப்படியே இருக்க, கீழே மட்டும் புதிதாகத் தேய்த்த எபனி மரம்.

"ஆக்‌ஷன் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டிலிருந்து கம்பி நிற்கும் உயரத்தைத்தான் ஆக்ஷன் என்போம். நன்றாகத்தான் இருந்தது. அப்படி இருக்க வேண்டும் என்பதற்காகவே யாரோ அதைத் தேய்த்திருக்கிறார்.

நடந்தது இதுதான். சாதாரணமாக 12 அளவுக் கம்பிகள் (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிமன்) போட்டால் மொத்த இழுவை 65, 70 கிலோ வரை வரும். வருடக்கணக்கில் அந்த இழுவையைத் தாங்கும் நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, உடலோடு சேரும் இடத்தில் மெல்ல முன்னால் சாயும். கம்பி ஃப்ரெட்போர்டிலிருந்து உயரும். வைத்திருப்பவர் பிரிட்ஜை இறக்குவார். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் இறக்குவார். சக்கரம் அடியைத் தொட்டதும் அரத்தை எடுப்பார். விற்கும்போது வாசிக்க வசதியாக இருக்கிறது என்று சொல்வார், அது பொய்யும் அல்ல.

பிரிட்ஜ் தாழ்ந்துபோனால், அதைத் தாண்டி, கம்பி முனைகளைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கு இறங்கும் கம்பிகளின் கோணமும் குறைந்துவிடும். தட்டையான டாப் கொண்ட பிளாட்டாப் கிட்டாரில் பிரிட்ஜை டாப்பிலேயே ஒட்டியிருப்பார்கள். ஆர்ச்டாப்பில் வயலினைப்போல அது சும்மா நிற்கிறது. கம்பிகள் கீழே அழுத்துவதால்தான் செதுக்கிய ஸ்ப்ரூஸ் டாப் அசைகிறது. கோணம் குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் குரல் மெலியும். கொண்டுவந்தவரும் அதைத்தான் சொன்னார்: முன்பு இருந்த அதட்டல் இல்லை, கம்பி மாற்றினால் சரியாகுமா என்று. கம்பியால் ஆகிற காரியம் இல்லை. நெக்கைக் கழற்றிக் கோணம் சரிசெய்து திரும்பப் பூட்ட வேண்டும். நெக்கையும் உடலையும் கோக்கும் டவ்டெயில் இணைப்புக்குள் ஆவி செலுத்திப் பசையை இளக்குகிற வேலை அது. நைட்ரோ லாக்கர் பூசிய கிட்டாரில் நெக்கின் அடிப்பகுதியான ஹீலைச் சுற்றி லாக்கர் உதிரலாம், வெளுக்கலாம். அதையும் ஒட்டுப்போட வேண்டும். செய்தவர் உயிரோடு இருந்தால் அவரிடமே அனுப்பலாம். டி'ஆஞ்செலிகோ 1964-இல் போய்விட்டார், அவரிடம் தொழில் கற்ற ஜேம்ஸ் டி'அக்விஸ்டோ 1995-இல் போய்விட்டார். இவர்களைப் போன்றவர்கள் செய்த கிட்டாரில் யார் கை வைப்பது என்பதே பெரிய கேள்வி. பேரம் பேசிக் குறைத்த தொகையெல்லாம் இந்த ஒரு வேலையில் போய், மேலும் கேட்கும்.

எனக்கு ஏன் எரிச்சல் என்றால், அதே மனிதர் முன்பின் தெரியாத கிட்டாரை வாங்கப் போனால் அளவுகோலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போவார். தன்னுடையது என்றதும் கண்ணை மூடிக்கொள்கிறார். மனதில் இருப்பது விற்ற அன்றைய கிட்டார். வாங்குவது இன்றைய கிட்டாரை. நடுவே அது யார் யார் வீட்டிலோ, எந்தெந்த வெயிலிலும் ஈரத்திலுமோ இருந்திருக்கிறது.

ஆகவே அளந்து பாருங்கள். முதலில் நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைச் சரிசெய்து நெக்கை ஏறக்குறைய நேராக்குங்கள். (ட்ரஸ் ராடு நெக்கின் வளைவைத்தான் மாற்றும். உடலோடு சேரும் கோணத்தை அது மாற்றாது. முறுக்கிக்கொண்டே போய் அதை ஒடித்தவர்களும் உண்டு.) பிறகு ஃப்ரெட்டுகளின் மேல் நீளமான இரும்பு அளவுகோலை வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். பிரிட்ஜ் நடு உயரத்தில் இருக்கும்போது, அளவுகோலின் முனை அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். பல ஆர்ச்டாப்களில் பிரிட்ஜ் உச்சி டாப்பிலிருந்து 25 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கும். அதைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் நெக் கோணம் போயிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரிட்ஜ் திருகுகள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உயர்த்தியிருந்தால் டாப் அமுங்கியிருக்கலாம். இதிலும் மோசம், நெக் சாய்வதும் டாப் அமுங்குவதும் சேர்ந்தே நடப்பது. அப்போது ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். பிரிட்ஜும் நடு உயரத்தில் இருக்கும், ஆக்‌ஷனும் அருமையாக இருக்கும். கிட்டாரை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, இரண்டு எஃப் துளைகளுக்கு நடுவே டாப்பில் விழும் வெளிச்சக் கோட்டைக் கவனியுங்கள். பிரிட்ஜுக்குக் கீழே அந்தக் கோடு உள்வாங்கினால் வாங்க அவசரப்படாதீர்கள். எஃப் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பிரேஸ்களைப் பாருங்கள். டாப்பை விரல்முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், பிரேஸ் விட்டுப்போன இடம் கரகரக்கும்.

நேரில் போக முடியவில்லை என்றால் மூன்று படங்கள் கேளுங்கள்: அருகே அளவுகோல் வைத்துப் பக்கவாட்டில் எடுத்த பிரிட்ஜ்; 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம்; நெக்கின் தலைப்பக்கக் கட்டையான நட்டிலிருந்து பிரிட்ஜை நோக்கி நெக் முழுவதும். பிரிட்ஜ் செய்தவர் வைத்த அதே பிரிட்ஜா என்றும் கேளுங்கள். தயங்காமல் அனுப்புபவரிடம் பேச்சைத் தொடரலாம்.

## டாப்பில் துளை போட்டதைச் சின்ன விஷயம் என்று விடுவது

நீங்கள் விற்றபோது பிக்கார்டில் (டாப்பைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) தொங்கிய, டாப்பைத் தொடாமல் மிதக்கும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் கருவி), இப்போது டாப்பை வெட்டிப் பதித்ததாக மாறியிருந்தால், அது வேறு கிட்டார். வேறு விலை பேசுங்கள்.

## செல்லுலாய்டை முகர்ந்து பார்க்காமல் இருப்பது

பழைய பிக்கார்டும் ஓரப்பட்டையான பைண்டிங்கும் செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக் என்றால், ஒருநாள் அது சிதைய ஆரம்பிக்கலாம். அதிலுள்ள நைட்ரோசெல்லுலோஸ் உடையும்போது அமில ஆவி வெளியேறும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தங்கி, முலாம் பூசிய ட்யூனரையும் டெயில்பீஸையும் பச்சை பிடிக்க வைக்கும். பிக்கார்டுக்கு மேலே ஓடும் இடத்தில் மட்டும் கம்பி துருப்பிடிக்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் வாடை வந்தால் அன்றைக்கே பிக்கார்டைக் கழற்றித் தனியே வையுங்கள். தூக்கி எறியவும் வேண்டாம், அதன் அச்சில் புதிது வெட்டலாம். நெருப்பின் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், சட்டென்று பற்றிக்கொள்ளும்.

## பிரிட்ஜை நிற்கவைத்தே அனுப்பச் சொல்வது

பெட்டி கீழே விழுந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் பிரிட்ஜ் வழியாக டாப்பில் இறங்கும். அனுப்புபவர் பிரிட்ஜ் நிற்கும் இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, டாப்பில் மெல்லிய துணி விரித்து, கம்பிகளை நன்றாகத் தளர்த்தி பிரிட்ஜை எடுத்துத் தனியே சுற்றி வைக்கட்டும். தளர்ந்த டெயில்பீஸ் டாப்பில் மோதாமல் இருக்க அதன் அடியிலும் துணி வேண்டும். குளிரில் பயணப்பட்டு வந்த பெட்டியை ஒருநாள் மூடியே வையுங்கள். உடனே திறந்தால் லாக்கரில் வெடிப்பு ஓடும்.

## எல்லை தாண்டும் கிட்டாருக்கு மரத்தைக் கேட்காமல் இருப்பது

பிரேசிலியன் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஃப்ரெட்போர்டு அந்த மரம் என்றால் அனுமதி இல்லாமல் நாடு தாண்டி வணிகம் செய்ய முடியாது. கிட்டாரைச் சுங்கத்தில் பறிகொடுக்க நேரலாம். தந்தத்தில் செய்த நட்டுக்கும், உண்மையான ஆமையோட்டில் செய்த பிக்கார்டுக்கும் இதே கதிதான். மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் அதிலிருந்து விலக்கு கிடைத்தது. பலர் இந்த விலக்கு பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருந்தாது. இசைக்கலைஞர்கள் தங்கள் கருவியோடு பயணம் செய்யப் பெறும் சான்றிதழும் விற்பனைக்குச் செல்லாது.

## இதை வாங்க இன்னொரு நல்ல கிட்டாரை விற்பது

செய்யாதீர்கள். அடுத்த தேடல் அங்கே தொடங்கும்.

## வந்த வாரமே தீர்ப்புச் சொல்வது

இடையில் வைத்திருந்தவர் 10 அளவுக் கம்பி போட்டு வாசித்திருக்கலாம். கனமான கம்பிக்காகச் செதுக்கிய டாப் அதில் சோர்வாகத்தான் ஒலிக்கும். நீங்கள் முன்பு போட்ட அதே வகை, அதே கனக் கம்பியைப் போடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் இடம் மாறிவிடும். பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி), அதே இடத்தில் அழுத்தி மீட்டும் சுரத்தையும் ஒப்பிட்டு பிரிட்ஜை நிறுத்துங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக ஒலித்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் நகர்த்த வேண்டும், குறைவாக ஒலித்தால் நெக் பக்கம். அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்து, மரத்துக்குச் சில வாரம் அவகாசம் கொடுங்கள். அதற்கு முன்னால் பிரேஸைச் சீவுவது, பிக்கப்பை மாற்றுவது என்று எதையும் தொடாதீர்கள்.

## கீறல்களைப் போக்க மறுபூச்சு கொடுப்பது

வேண்டவே வேண்டாம். கெட்டியான புதுப் பூச்சு டாப்பின் அசைவைக் கட்டிப்போடும், செய்தவரின் கைவேலையும் அதன் அடியில் போய்விடும்.