காவிரியைப் பத்தி என்ன? பிள்ளைகளுக்கு மையக்கருத்தைச் சொல்லிக்கொடுக்கும் வழி

நான் டீச்சர் இல்லை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் வந்து உட்காருவார்கள், நாலாவதிலிருந்து ஏழாவது வரை, வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். கடகடவென்று வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் "இதுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டால்தான் சிக்கல். ஒன்று, பத்தி முழுவதையும் திரும்ப ஒப்பிப்பார்கள். இல்லையென்றால் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பரீட்சையில் 'மெயின் ஐடியா என்ன' என்ற கேள்விக்கு மார்க் போவதும் இங்கேதான்.

அந்த ஒற்றை வார்த்தையைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். 'காவிரி' என்பது பத்தி எதைப் பற்றியது என்பதற்குப் பதில். காவிரியைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதுதான் மையக்கருத்து. எழுவாய் மட்டும் போதாது, பயனிலையும் வேண்டும் என்று இலக்கணம் தெரிந்த பெரிய பிள்ளைகளிடம் சொல்வேன், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சின்னவர்களிடம் ஒரே கேள்விதான்: "சரி, காவிரியைப் பத்தி என்ன?"

புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு பையை எடுங்கள். தேங்காய், வெற்றிலை, பாக்கு, பூ, கற்பூரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வைத்து, இந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று கேளுங்கள். "பூஜை!" என்று கத்துவார்கள். அதுதான் மையக்கருத்து, தேங்காயும் பூவும் அதைத் தாங்குகிற விவரங்கள். அப்புறம் அதே பையிலிருந்து ஒரு போன் சார்ஜரை எடுத்து வையுங்கள். சிரிப்பார்கள். பைக்குள்தான் இருந்தது, ஆனால் பூஜைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் சார்ஜரை மறக்கவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து பத்தி. நான் பாடப்புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை, அவர்கள் தினமும் பார்க்கிற ஒன்றைப் பற்றி நானே நாலைந்து வரி எழுதிவிடுவேன். ஒருமுறை செய்தித்தாள் தலையங்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் பாதிப் பேர் காற்றாடி பார்க்கப் போய்விட்டார்கள், தப்பு என்னுடையதுதான். இப்போது கொடுப்பது இந்த மாதிரி:

"காவிரி குடகு மலையில் பிறக்கிறது. பெங்களூருக்கு வரும் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் தானாக ஓடி வராது. தொரேகாடனஹள்ளியில் தொடங்கி மூன்று இடங்களில் பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். அதற்கு நிறைய மின்சாரம் செலவாகிறது."

வாசித்ததும் பாட்டிக்கு போன் போடச் சொல்லுங்கள், சும்மா கையைக் காதில் வைத்துக்கொண்டு. பாட்டி ஆம்பூரில் இருக்கிறார், காது மந்தம், ஒரே வரிதான் கேட்கும். ஆறாவது படிக்கிற பையன் ஒருவன் முதலில் "பாட்டி, காவிரி!" என்றான். காவிரியைப் பத்தி என்ன? "குடகுல பொறக்குது." சரி, அப்படியென்றால் பம்ப் எதற்கு, மின்சாரம் எதற்கு? கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். "பெங்களூருக்குக் காவிரித் தண்ணி ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் வருது பாட்டி." அவ்வளவுதான், வந்துவிட்டது. கவனியுங்கள், இந்த வாக்கியம் பத்தியில் எங்கேயும் எழுதப்படவில்லை, அவனாகச் சேர்த்துக் கட்டியது.

மையக்கருத்து எப்போதும் முதல் வரியில் இருக்கும் என்று ஒரு கைடு புத்தகத்தில் போட்டிருந்ததை இந்தப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். பல நேரம் அங்கே இருக்கும்தான், ஆனால் அதை விதியாக்கினால் அப்புறம் யாரும் இரண்டாவது வரியையே படிக்கமாட்டார்கள். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற நம் குறளிலேயே மணற்கேணி முதலில் வருகிறது, சொல்லவந்த அறிவு அடுத்த அடியில்தான். எங்கள் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை இருப்பதால் இந்த உதாரணம் இங்கே நன்றாகவே எடுபடும்.

துணை விவரங்களைச் சோதிக்க விரலே போதும். ஒரு வரியை விரலால் மறைத்துவிட்டு, பாட்டிக்குச் சொன்ன வரி இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். 100 கிலோமீட்டரை மறைத்தால் 'கஷ்டம்' கொஞ்சம் இளைக்கிறது. உயரத்தை மறைத்தால் பம்ப் எதற்கென்றே புரியாது. குடகை மறைத்தால்? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சார்ஜர். உண்மையான தகவல், சுவாரசியமான தகவல், ஆனால் இந்தப் பத்தியின் கருத்தைத் தாங்கவில்லை. பிள்ளைகள் ஏமாறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வரிகளில்தான், அதனால் பத்தி எழுதும்போது வேண்டுமென்றே ஒரு சார்ஜரை நுழைத்து வையுங்கள். அது முதல் வரியாக இருந்தால் இன்னும் நல்லது.

கலர் ஹைலைட்டர் மட்டும் வேண்டாம், பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிடுவார்கள். பென்சிலால் ஓரத்தில் 'ஏன்', 'எப்படி', 'எவ்வளவு' என்று குறித்தால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு பத்தி, இருபது நிமிஷம், அதற்கு மேல் இழுத்தால் கொட்டாவி. எந்த மொழியில் வாசித்தாலும் பேச்சு வீட்டு மொழியிலேயே இருக்கட்டும். இங்கிலீஷ் பத்தியைத் தமிழில் ஒரு வரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அதை இங்கிலீஷில் எழுதுவது சின்ன வேலை.

இது கைவந்த பிறகு தலைகீழாகச் செய்யுங்கள்: கருத்தை நீங்கள் கொடுங்கள், விவரங்களை அவர்கள் எழுதட்டும். போன வாரம் 'எங்கள் தெரு நடைபாதையில் நடக்கவே முடியாது' என்று கொடுத்தேன். உடைந்த கல், தொங்கும் கேபிள், பானிபூரி வண்டி என்று எழுதிக்கொண்டே போன ஒரு பெண் கடைசியில் 'எங்கள் அப்பாவின் பைக்கும் அங்கேதான் நிற்கும்' என்று முடித்திருந்தாள். அது சார்ஜர்தானே என்று பக்கத்திலிருந்தவன் விரலை வைத்து மறைக்கப் போனான். "இல்ல ஆன்ட்டி, அந்த பைக்காலதான் நடக்கவே முடியல" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள்.