ஊசி போடும் இடத்தில் பேரம் வேண்டாம்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் இடுப்பில் ஊசி குத்திய காலத்தைப் பார்த்தவர்கள் சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் ஊசி. தடுப்பூசிக்குக் கூப்பிட்டாலும், "கை வலிக்கும் மிஸ்ஸி, இடுப்புலேயே போட்டுடுங்க" என்பார்கள். மிஸ்ஸி, அதாவது தாதி, மறுத்தால் கோபப்படாதீர்கள். இடுப்புப் பக்கம் கொழுப்பு தடிமனானது. தசைக்குள் இறங்க வேண்டிய மருந்து அங்கேயே தங்கிவிடும். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசியை அங்கே போட்டவர்களுக்குக் கையில் போட்டவர்களை விட எதிர்ப்புச் சக்தி குறைவாக வந்தது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. காலுக்குப் போகும் பெரிய நரம்பும் அந்த வழியாகத்தான் ஓடுகிறது.

கையிலும் தவறு நடக்கும். சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு, கழுத்துப் பக்கத்தை மட்டும் இழுத்துக் காட்டினால் ஊசி தோள்மூட்டுக்கு மேலே ஏறிவிடும். பிறகு கையைத் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்படலாம். தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழேதான் சரியான இடம். கைக்குழந்தைக்கு அந்தத் தசை இன்னும் வளரவில்லை. அதனால்தான் இரண்டாம் மாத ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம் போடுகிறார்கள்.

"சின்ன ஊசியாப் போடுங்க" என்று கேட்பதும் வேண்டாத வேலை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டச் சேர்க்கும் அலுமினிய உப்பு கலந்த மருந்து, ஊசி சின்னதாக இருந்து தசைக்குப் போகாமல் தோலுக்கடியில் நின்றால்தான் சிவந்து வீங்கிக் கட்டியாகும். தட்டம்மைக்கான எம்எம்ஆரில் அந்த உப்பு இல்லை. அதைத் தோலுக்கடியிலேயே, 45 பாகை சாய்த்துப் போடலாம். தசை ஊசி 90 பாகையில் நேராக இறங்கும். ஆழம் மருந்துக்கு மருந்து மாறும். ஆழமாகப் போனால்தான் வேலை செய்யும் என்பதும் தப்பு.

இதற்கு நல்ல உதாரணம் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி. பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லிலிட்டர்தான். ஊசி தோலோடு தோலாகப் படுத்தபடி நுழையும். உடனே கொசு கடித்த மாதிரி வெளுத்த புடைப்பு ஒன்று எழும்பும். புடைப்பு வராவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சில வாரங்களில் அந்த இடம் சிவந்து, லேசாகச் சீழ் வைத்து, மெல்ல ஆறித் தழும்பாகும். வீட்டில் தவறு நடப்பது இந்தக் கட்டத்தில்தான். பாட்டி மஞ்சள் அரைத்துப் பூசுவார், பக்கத்து வீட்டு அக்கா பிதுக்கிவிடச் சொல்வார். இரண்டும் கூடாது, களிம்பும் வேண்டாம். தண்ணீரில் கழுவி, காற்றுப்பட விட்டால் போதும். அக்குளில் நெறி கட்டிப் பெரிதானால் மட்டும் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஊசி போட்டதும் பரபரவென்று தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தேய்க்காமல் பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடமாவது விடாமல் அழுத்துவதும் முக்கியம்.

மற்றபடி, எந்தக் கை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுநாள் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் வலது கையை ஏன் கொடுக்க வேண்டும்? இடது கையைக் காட்டுங்கள்.