ஈஎஸ்பி32-கேம் (வைஃபை உள்ள குட்டி கேமரா போர்டு) போட்டோவ வைஃபைல பாதுகாப்பா அனுப்புறது எப்படி?

ஜேபெக் ஃபைல (போட்டோவ சுருக்கி சேமிக்கிற வடிவம்) நோட்பேட்ல திறந்தா கன்னாபின்னான்னு இருக்கும், அதனால நடுவுல எவன் எடுத்தாலும் புரியாதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. இல்லங்க! படத்த 8x8 பிக்சல் கட்டமா பிரிச்சு, கண்ணுக்கு எடுபடாத நுணுக்கத்த கழிச்சு, மிச்சத்த சுருக்குறாங்க, அவ்ளோதான். பூட்டுற ரகசிய சாவின்னு எதுவுமே இல்ல, 1992-லேர்ந்து ஊருக்கே தெரிஞ்ச முறை.

ஸ்டெப் 1: நீங்களே பாத்துடுங்க (சொந்த கேமரா, சொந்த வைஃபை மட்டும்!). அர்டுயினோல (போர்டுக்கு கோட் எழுதி ஏத்துற சாஃப்ட்வேர்) இருக்குற கேமரா வெப்சர்வர் எக்ஸாம்பிள போர்டுல ஏத்துங்க. லேப்டாப்ல வயர்ஷார்க்க (நெட்வொர்க்ல போற டேட்டாவ பிடிச்சு காட்டுற சாஃப்ட்வேர்) ஓடவிட்டு, அதே லேப்டாப் பிரவுசர்ல கேமரா ஐபிய போட்டு 'கெட் ஸ்டில்' அமுக்குங்க. அப்புறம் வயர்ஷார்க்ல ஃபைல், எக்ஸ்போர்ட் ஆப்ஜெக்ட்ஸ், எச்டிடிபி. 'இமேஜ்/ஜேபெக்'னு ஒரு வரி வரும், சேவ் பண்ணி டபுள் கிளிக் பண்ணுங்க, உங்க வீட்டு ஹால் பளிச்சுன்னு தெரியும்.

ஸ்டெப் 2: ரூட்டர். டபிள்யூஇபிங்கிற பழைய வைஃபை பூட்டு 2001-லயே உடைஞ்சது, அந்தப் பக்கமே போகாதீங்க. டபிள்யூபிஏ3, இல்லன்னா டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் வைங்க. ஆனா இந்தப் பூட்டு கேமராவுக்கும் ரூட்டருக்கும் நடுவுல மட்டும்தான், ரூட்டர தாண்டிட்டா எச்டிடிபி படம் திறந்த மேனிக்கு போகும். டபிள்யூபிஏ2-ல வைஃபை பாஸ்வேர்ட் தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரரும், கேமரா கனெக்ட் ஆகுற நேரத்துல போற டேட்டாவ பிடிச்சு வச்சா, படத்த எடுத்துடலாம்.

ஸ்டெப் 3: இதுதான் முக்கியம். முதல்ல சுருக்கணும், அப்புறம்தான் என்கிரிப்ட் (சாவி போட்டு பூட்டுறது) பண்ணணும். என்கிரிப்ட் ஆன டேட்டால ஒழுங்கு எதுவும் இருக்காது, அத ஜிப் பண்ணா சைஸ் குறையாது, ஜேபெக் பண்ணா சாவி இருந்தாலும் படம் திரும்ப வராது. ஏஇஎஸ்-ஜிசிஎம்ங்கிற என்கிரிப்ட் முறைய எடுத்துக்கோங்க, ஈஎஸ்பி32 கூடவே வர்ற எம்பெட்டிஎல்எஸ் லைப்ரரில இருக்கு, ஒரு படத்துக்கு 12 பைட் நான்ஸ் (ஒவ்வொரு படத்துக்கும் புதுசா போடுற எண்), 16 பைட் டேக் (படம் மாறலன்னு சரிபார்க்குற முத்திரை), மொத்தமே 28 பைட்தான் கூடும், நடுவுல யாராவது படத்த மாத்தினாலும் டேக் காட்டிக்கொடுத்துடும். ஒரே சாவில அதே நான்ஸ் ரெண்டு தடவ வரவே கூடாது, வந்தா மொத்த வேலையும் வீண். வேகத்துக்காக ஜேபெக்கோட ஒவ்வொரு 8x8 கட்டத்தோட சராசரி வெளிச்சத்த மட்டும் மறைக்கிற முறையும் இருக்கு, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஏன்னா ஓரக்கோடுகள் தங்கிடும், ஆள் நிக்கிறதும் தெரியும்.

இவ்ளோ கோட் எழுத சோம்பலா இருந்தா எச்டிடிபிஎஸ்ல (எச்டிடிபியோட என்கிரிப்ட் பண்ண வடிவம்) அனுப்புங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, காப்பி அடிக்கிற கோட்ல முக்காவாசி 'செட்இன்செக்யூர்'னு ஒரு வரி இருக்கும், அது சர்வர் சர்டிபிகேட்ட (சர்வரோட அடையாளச் சான்று) செக்கே பண்ணாது, அத தூக்கிட்டு 'செட்சிஏசெர்ட்' போடுங்க.