கடை கீழே, வீடு நடுவே, கூத்து மேலே: மலைநாட்டு டவுனில் கலைக்கான மாடிக் கட்டடம் கட்டுவது எப்படி

ஹட்டனில் முப்பத்திரண்டு வருடமாக பிளான் வரைகிறேன். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே டியூஷன் கிளாஸ், உச்சியில் தண்ணீர் டேங்க். இப்படி எத்தனையோ கட்டடம் வரைந்தாகிவிட்டது. இப்போது சிலர் வேறு ஆசையோடு வருகிறார்கள். கொழும்பில் தாமரைக் கோபுரத்தையும் தாமரைத் தடாகம் அரங்கையும் பார்த்திருப்பார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பியிருப்பார்கள். கோயிலடியில் முப்பது, நாற்பது பேர்ச் காணி இருக்கும். "அண்ணே, நம்ம கலைய வச்சு ஒரு டவர் கட்டலாமா?" என்று கேட்பார்கள்.

கட்டலாம். தாராளமாகக் கட்டலாம். ஆனால் பேச்சு உடனே முகப்புக்குப் போய்விடும். முன்சுவரில் கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா படம், பக்கத்தில் ஒரு தப்பு மேளம், மேலே கலர் லைட். நான் அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு, "உள்ளே யார் ஆடப் போகிறார்கள், எந்த மாதம், எத்தனை மணிக்கு?" என்று கேட்பேன். பிளானில் இடம் கிடைக்காத கலைக்கு, கட்டி முடித்த பிறகு பெயின்டால் இடம் கொடுக்க முடியாது. இதை நான் என் பிழையிலிருந்துதான் படித்தேன்.

இந்த மாதிரி நான் வரைந்த முதல் கட்டடத்தில் இரண்டாம் மாடியை ஹோலாக விட்டேன். மேலே இரண்டு மாடி வீடுகள் வருவதால் பன்னிரண்டு அடிக்கு ஒரு தூண். கூத்து செட் ஒத்திகைக்கு வந்தது. மன்மதனும் ரதியும் வட்டம் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தூண் குறுக்கே நின்றது. என் அப்பா தப்பு அடித்தவர். ஒத்திகை பார்க்க ஆசையாக வந்தவர், அந்தத் தூணைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் படி இறங்கிப் போனார். இன்று அந்த ஹோலில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. மாசி மாதம், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும்போது, இரவு முழுக்க ஆட்டம் நடக்கும் பொட்டலில் இருங்கள். கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே டேப் பிடித்துவிடுங்கள். ஆடும் வட்டம் எவ்வளவு, தப்புக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள், பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள், நெருப்பு எங்கே, வேடம் கட்டியவர் எந்த வழியாக உள்ளே வருகிறார் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்துப் பொட்டலில் ஆடும் வட்டம் இருபத்தாறு அடி. சனத்தையும் சேர்த்தால் நாற்பதுக்கு ஐம்பது அடி வேண்டும், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல். கிரீடம் கட்டிக்கொண்டு குதிப்பவருக்குப் பதினாறு அடி உயரமாவது கொடுங்கள். பொன்னர் சங்கர் ஆடும் ஊரா, அருச்சுனன் தபசு ஆடும் ஊரா என்று பார்த்து அதற்கும் தனியாக அளவெடுங்கள். அருச்சுனன் தவத்துக்குத் தபசு மரம் ஏறுவதை எந்தக் கூரைக்குள்ளும் அடைக்க முடியாது. அதைத் திறந்தவெளிக்கே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டடம் பொட்டலை விழுங்கக் கூடாது. காமனை எரிப்பது பொட்டலில்தான். ஹோல் என்பது ஒத்திகைக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு, உடுப்பும் கிரீடமும் பூஞ்சணம் பிடிக்காமல் வைப்பதற்கு, மழைக்காலத்தில் மற்ற நிகழ்ச்சிகளுக்கு.

அளவு கையில் வந்ததும் காணிக்கு வாருங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். சிலர் பெக்கோவைக் கொண்டுவந்து மலையை வெட்டிவிட்டு அப்புறம் கடிதத்துக்கு அலைகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை இறங்கி, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதை நாம் மறக்கக் கூடாது. வரிசை இதுதான்: நில அளவையாளரின் படம், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை, நகர சபையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் அனுமதி. கண்டி நகரத்துக்குள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது 1988 முதல் உலக மரபுரிமை நகரம். அங்கே உயரத்துக்கே கட்டுப்பாடு உண்டு.

சரி, எந்த மாடியில் என்ன வைப்பது? நம் சரிவு நமக்குக் கைகொடுக்கும் இடம் இதுதான். தட்டை நிலத்தில் பெரிய ஹோலைக் கீழே வைத்தால் மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்க ஆளுயர பீம் போட வேண்டும். செலவு கையைக் கடிக்கும். உச்சியில் வைத்தால் மேலே கூரைப் பாரம் மட்டும்தான், இரும்புக் கூரைச் சட்டமே நாற்பது அடியைத் தாண்டிவிடும். ஆனால் கிழவிகள் ஐந்து மாடி ஏற மாட்டார்கள். டோக்கியோவில் 54 மாடி மோரி டவரின் 53ஆம் மாடியில் 2003இல் கலைக்கூடம் திறந்தார்கள். அங்கே லிஃப்ட் அத்தனை பேரையும் கொண்டுபோய்விடும். நமக்கு லிஃப்டே தேவைப்படாமல் போகலாம். மலைநாட்டு டவுனில் எத்தனையோ காணிகளுக்குக் கீழே பஸ் ஓடும் ரோடும் பின்னால் ஒரு மேல் ரோடும் இருக்கின்றன. கடையைக் கீழ் ரோட்டுக்குத் திருப்புங்கள். உச்சி மாடித் தரையை மேல் ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போது அதே ஹோல் தூணில்லாத மேல்மாடியாகவும் இருக்கும், ரோட்டிலிருந்து நேரே நடந்து உள்ளே வரும் இடமாகவும் இருக்கும்.

மலைக்கும் கட்டடத்துக்கும் நடுவே நாலடி இடைவெளி விட மறக்காதீர்கள். தாங்கு மதில் தனியாக நிற்கட்டும். கட்டடத்தின் பின்சுவரையே தாங்கு மதிலாக்கினால் மழைக்காலம் முழுக்க ஈரம் உள்ளே கசியும். மதிலுக்குப் பின்னால் சல்லி நிரப்பி, தண்ணீர் வடிய பைப் வைத்து, அடியில் காண் வெட்டுங்கள். அந்த இடைவெளிக்கு மேலே மேல் ரோட்டிலிருந்து ஹோலுக்கு ஒரு சின்னப் பாலம் போடுங்கள், எட்டடி அகலத்தில். தப்பு அடித்துக்கொண்டு ஆட்டக்காரர் பாலத்தால் உள்ளே வருவதை நினைத்துப் பாருங்கள். பொட்டலில் வேடம் கட்டியவருக்குச் சனம் வழிவிடுமே, அந்த வழி இந்தப் பாலம்.

அடுத்தது சத்தம். ஹோலுக்கு நேர் கீழே வீடு வைத்தால் ஆறு மாதத்தில் சண்டை வரும். நடுவே ஒரு மாடியை வாசிகசாலைக்கும் அலுவலகத்துக்கும் டியூஷனுக்கும் கொடுங்கள். டியூஷன் ஏழு மணிக்கு முடியட்டும், அதற்குப் பிறகு ஒத்திகை தொடங்கட்டும். தப்புச் சத்தம் காற்றில் போவதைக் கனமான சுவரும் இறுகப் பூட்டும் கதவும் ஓரளவு மறிக்கும். சலங்கைக் காலின் அடி ஸ்லாப் வழியாக இறங்குவதைச் சுவர் மறிக்காது. அதற்கு ஸ்லாப்பின் மேல் ரப்பர் கட்டைகள், அவற்றின் மேல் மரச் சட்டம், அதன் மேல் பலகை. பலகை எந்தச் சுவரையும் தொடாமல் அரை அங்குலம் விலகி நிற்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் தொட்டாலும் அடி அப்படியே கீழே போகும். பலகை மேசன் பாஸ் பார்க்கிற வேலையில்லை, மர பாஸ் வேலை. பக்கத்தில் நின்று பாருங்கள். கூரை வெறும் தகரமாக இருக்கக் கூடாது. தென்மேல் பருவ மழை தகரத்தில் விழுந்தால் வசனம் முதல் வரிசைக்கே கேட்காது. தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே தடித்த கம்பளி அடைப்பு வேண்டும்.

தப்பைக் காய்ச்ச நெருப்பு வேண்டும் என்பதை இஞ்சினியர் யாரும் தானாக நினைக்க மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும். மூடுபனியில் தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காட்டினால்தான் நாதம் ஏறும். இடம் கொடுக்காவிட்டால் பையன்கள் படிக்கட்டடியில் பழைய பேப்பரைக் கொளுத்துவார்கள். அது ஆபத்து. ஹோலுக்குப் பக்கத்தில் திறந்த மொட்டை மாடியில், கூரை நீட்டத்துக்கு வெளியே, செங்கல்லால் மூன்றடி வட்டத்தில் ஒரு அடுப்புக் குழி கட்டுங்கள். பக்கத்தில் மணல் வாளியும் தண்ணீர்க் குழாயும் வையுங்கள். தீயணைப்பு அனுமதிக்குக் கொடுக்கும் பிளானிலேயே அதை வரைந்து பெயரும் எழுதுங்கள். "தப்பு காய்ச்சும் இடம்" என்று நான் எழுதிக் கொடுத்த முதல் பிளானை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

இனி முகப்பு. கொழுந்து எடுக்கும் பெண்ணின் சிரிப்பைத் தேயிலைப் பெட்டிகளில் போட்டு நம் வாழ்க்கையை அழகுப் படமாக்கியது போதும். வேறு எடுங்கள். மலையில் தேயிலை நிரை வளைந்து போவதைப் போலப் பல்கனி விளிம்பை வளைக்கலாம். படிக்கட்டை நடைவழியாக்கலாம். நம் முன்னோர் மலையகத்துக்கு வந்து 200 வருடமானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள் அல்லவா, கீழ்ப் படியில் தலைமன்னார், அடுத்த திருப்பத்தில் மதவாச்சி, அப்புறம் தம்புள்ளை, மேலே மாத்தளை என்று தரையில் எழுத்துப் பதியுங்கள். வீட்டுக்குப் போகிற பிள்ளை தினமும் அந்த வழியை ஏறட்டும். வாசிகசாலை மாடியில் ஒரு அறையைச் சரியாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கட்டுங்கள், லயக் காம்பராவின் அளவில். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் லயக் காம்பராக்களிலேயே இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்கள் அறையில் என்ன வைப்பது என்று முடிவெடுங்கள்.

வெளிச்சுவரில் பெயின்ட் ஓவியம் வேண்டாம். நான் பார்த்த ஓவியம் ஒன்று, இரண்டே மழைக்காலத்தில் பாசி பிடித்து உரிந்துபோனது. வரைந்த பையன் அந்த ரோட்டால் போவதையே விட்டுவிட்டான். உடைந்த தரை ஓட்டுத் துண்டுகளால் பதியுங்கள். டைல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், நிறம் மங்காது, தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து பதிக்கலாம். தரையிலிருந்து மூன்றடி வரை கருங்கல். மேலே மூன்றடி கூரை நீட்டம்.

முகப்பைவிடக் கூரைக்கு நான் கூடுதல் நேரம் கொடுப்பேன். கொழும்பில் தாமரைத் தடாகம் அரங்கைப் பொலன்னறுவைத் தாமரைக் குளத்தின் வடிவத்தில் கட்டினார்கள். அந்த இதழ்களை முழுதாகப் பார்க்க மேலே போக வேண்டும். நம் ஊரில் எல்லோரும் மேலேதான் இருக்கிறோம். மலை ரோட்டில் வரும் பஸ்ஸிலிருந்தும் ரயிலிலிருந்தும் முதலில் கண்ணில் படுவது டவுனின் கூரைகள், அதாவது துருப்பிடித்த தகரமும் நீலத் தண்ணீர் டேங்கும். டேங்கைக் கூரைக்குள் மறையுங்கள். ஹோலுக்கு மேலே ஆட்ட வட்டத்தின் அளவில், அதே இருபத்தாறு அடியில், வேறு நிறத் தகட்டால் ஒரு வட்டம் போடுங்கள். ஹட்டன் சந்தைக்குத் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர் அதைப் பார்த்ததும் என்னவென்று கண்டுகொள்வார்.

கண்ணாடி போடுவதென்றால் அயலைப் பாருங்கள். அமெரிக்காவில் டாலஸ் நகரத்தின் கலை வட்டாரத்தில் நாஷர் சிற்பக்கூடத்துக்கு ரென்சோ பியானோ வடக்கு வெளிச்சம் மட்டும் இறங்கும்படி கூரை அமைத்தார். பக்கத்திலேயே மியூசியம் டவர் என்று 42 மாடி எழுந்தது. அதன் கண்ணாடி வெயிலைத் திருப்பி அந்தக் கூரைக்குள்ளேயே அடித்தது. கலைக்கூடத்தின் பெயரை வைத்துக்கொண்ட டவரே கலைக்கூடத்துக்கு இடைஞ்சலானது. நமக்குச் சூரியன் கிட்டத்தட்ட உச்சியால் போகிறது, காலை மாலை வெயில்தான் சுவரில் நேராக அடிக்கும். கிழக்கிலும் மேற்கிலும் பெரிய கண்ணாடி வேண்டாம். உங்கள் நிழல் கோயில் முற்றத்திலோ பொட்டலிலோ எந்த மாதம் எத்தனை மணிக்கு விழும் என்பதையும் வரைந்து பாருங்கள். பனி ஊரில் அரை மணி நேர வெயிலும் பெரிது.

கடைசியாகக் காகிதம். வீடுகளைத் தனித்தனியாக விற்பதென்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டுச் சொத்துச் சட்டத்தின் கீழ் வரும். ஹோலைப் பொது இடமாக எழுதாதீர்கள். பொது இடம் என்றால் நாளைக்கு வீட்டுக்காரர்கள் கூடி "சத்தம் வேண்டாம்" என்று பூட்டிவிடலாம். அதைத் தனி அலகாக எழுதி ஒரு நம்பிக்கைப் பொறுப்புச் சபைக்குக் கொடுங்கள், கூத்து வாத்தியார் ஒருவரும் பெண்கள் இருவராவதும் அதில் இருக்கட்டும். ஒத்திகை நேரத்தை வீட்டு உறுதியிலேயே எழுதுங்கள், வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும். கீழே ஒரு கடையின் வாடகை முழுக்க ஹோலின் கரண்ட், தண்ணீர், பராமரிப்புக்கு என்று அதே காகிதத்தில் சேருங்கள். லோயர் கூலி கொஞ்சம் கூடும், கொடுத்துவிடுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் மிச்ச ஓட்டுத் துண்டுகளை நிறம் நிறமாகப் பெட்டியில் கட்டி உடுப்பு அறையில் வையுங்கள், சுவரில் ஒரு துண்டு விழுந்தால் அதே நிறம் வேண்டும். பிளானின் ஒரு பிரதியை வாத்தியாரிடம் கொடுங்கள். பலகைத் தரை எங்கே சுவரைத் தொடக் கூடாது, குழியில் எவ்வளவு நெருப்பு போடலாம் என்று சிவப்புப் பேனையால் குறித்துக் கொடுங்கள். அப்புறம் அடுத்த மாசிக்கு முன்னால் ஒரு இரவு எல்லா விளக்கையும் போட்டு, தப்பு செட்டைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழ் மாடி வீட்டில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.