ஸ்குவாட்டுக்கு ஷூ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தாண்டு பிறந்ததும் ஜிம்மில் புதுமுகங்கள் சேர்வது சமவெளிப் பழக்கம் மட்டுமல்ல. ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அதே கதைதான். புல்வெளியில் உறைபனி படிந்து கிடக்கும் ஜனவரிக் காலையிலும் வந்து நிற்கிறார்கள். அந்த ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஸ்குவாட்டுக்கு, அதாவது எடையைத் தோளில் வைத்துக் குந்தி எழுவதற்கு, காலில் போட்டு வருவதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில் திரும்ப நடக்கின்றன.

செருப்போடு பாரை (எடை மாட்டும் இரும்புத் தடியை) தூக்காதீர்கள், லேஸைக் கட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

ஓடுகிற ஷூவில் எடை தூக்குவது

ரன்னிங் ஷூவின் நடு சோல் பெரும்பாலும் ஈவிஏ வகை நுரை. ஒவ்வோர் அடியின் அதிர்வையும் வாங்கிக்கொண்டு அமுங்கி எழும்புவதுதான் அதன் வேலை. 70 கிலோ எடையுள்ளவர் 100 கிலோ பாரைத் தோளில் ஏற்றினால் ஒரு பாதத்துக்கு 85 கிலோ இறங்குகிறது. அந்தச் சுமையில் நுரை எல்லாப் பக்கமும் ஒன்றுபோல அமுங்காது. உள்பக்கம் சற்று அதிகம் இறங்கினால் பாதம் உள்ளே சரியும்; முழங்காலும் கூடவே உள்ளே வரும். குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் எடை நிற்க வேண்டும். நுரை மேல் நின்றால் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் ஆடும்.

மலையில் இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கும். ஈவிஏ நுரை குளிரில் இறுகும். விடிகாலை 5 டிகிரி குளிரில் கட்டைவிரலால் சோலை அழுத்திப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது கல்லு மாதிரி இருக்கு, போதும்” என்று பையன்கள் சொல்வார்கள். கால் சூட்டில் அது இளகிவிடும். கனமான செட் வருவதும் அப்போதுதான். ஆகவே ஷூவை இரவு முழுக்க அறைக்குள், வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருந்து, குதிகால் பகுதியை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது ஓடுவதற்கு.

மாற்றாக என்ன போடலாம்? பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அடிப்பாகம் மெல்லியது, தட்டையானது, அமுங்காதது. விலையும் சில நூறு ரூபாய்தான். முதல் ஆறு மாதத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பார்க்க அழகாக இல்லை என்பது மட்டும்தான் அதன் குறை.

ஹீல் ஷூவை மருந்தாக வாங்குவது

இதுதான் இன்றுவரை எரிச்சல் மூட்டும் தவறு; பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

கோத்தகிரிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு 60 கிலோ ஸ்குவாட்டில் கீழே போகும்போதெல்லாம் குதிகால் தரையை விட்டு எழும்பியது. “ஹீல் வச்ச லிஃப்டிங் ஷூ வாங்கினா சரியாயிடும்” என்று யாரோ சொல்ல, பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து ஆன்லைனில் வாங்கிவிட்டார். குதிகால் எழும்புவது நின்றது உண்மைதான். ஆனால் முழுக்கக் கீழே போனதும் முதுகு வளைவது அப்படியே இருந்தது. மேலே வரும்போது இடுப்பு மட்டும் முந்திக்கொண்டு எழுந்தது. இரண்டு மாதத்தில் முழங்காலின் முன்பக்கம் வலி. அப்புறம்தான் கணுக்காலைச் சோதித்தார்கள். கணுக்காலில் குறை எதுவும் இல்லை. பாதங்களை மிக நெருக்கமாக வைத்திருந்தார், அவ்வளவுதான். இரண்டு பாதங்களுக்கும் நடுவே இன்னும் பத்து செ.மீ. இடம் விட்டு, விரல்களை 25 டிகிரி அளவுக்கு வெளியே திருப்பியதும் கேன்வாஸ் ஷூவிலேயே முழு ஆழமும் கிடைத்தது. காசு கொடுத்து வாங்கிய ஷூ பெட்டிக்குத் திரும்பியது.

நோய் எதுவென்று பார்க்காமல் மருந்து வாங்குவதுதான் இதில் உள்ள கோளாறு. ஹீல் செய்வது ஒரே ஒரு வேலை. குதிகாலுக்கும் பாதத்தின் முன்பகுதிக்கும் 20 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தால், சராசரிக் காலில் அது ஏறக்குறைய 6 டிகிரி சாய்வு. அதாவது கணுக்கால் மடங்க வேண்டிய அளவில் 6 டிகிரியை ஷூ கடனாகக் கொடுக்கிறது. முழங்கால் அதிகம் முன்னே போகலாம், உடம்பு நிமிர்ந்து நிற்கலாம். பதிலுக்குத் தொடையின் முன்பக்கத்துக்கும் முழங்காலுக்கும் வேலை கூடும். இடுப்பு இறுக்கம், தவறான நிலை, பலமில்லாத நடு உடம்பு ஆகிய எதையும் ஹீல் தொடாது.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்கு மொத்தம் கால் மணி நேரம் ஆகும். குளிரில் வந்து இறங்கியவுடன் செய்யாதீர்கள்; பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடான பிறகு செய்யுங்கள். வெறுங்காலோடு சுவருக்கு எதிரே ஒரு காலை முன்வைத்து, பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. விடுங்கள். குதிகால் தரையை விடாமல் முழங்காலைச் சுவரில் தொட முயலுங்கள். முழங்கால் விரல்களுக்கு நேராகப் போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. தொட்டுவிட்டால் கணுக்கால் பெரும்பாலும் போதுமான அளவு மடங்குகிறது என்று பொருள். தொடவில்லையென்றால் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி, எத்தனை செ.மீ.யில் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. குறைந்தால் சுமார் மூன்றரை டிகிரி குறைகிறது. இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய சுளுக்கு இருந்த கால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

முட்டும்போது எங்கே பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். பின்னால் கெண்டைக்காலில் இழுத்தால் அது தசை இறுக்கம். முழங்காலை மடக்கியபடி கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை வாரத்துக்கு நான்கைந்து நாள், சில மாதம் செய்தால் பலருக்குத் தளர்ந்துகொடுக்கும். கணுக்காலின் முன்பக்கம் எலும்பு முட்டுவதுபோல் இருந்தால் நீட்டிப் பயனில்லை. ஹீல் உண்மையிலேயே உதவுவது இவர்களுக்குத்தான். கூடவே வலியும் இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

இதைவிட எளிய சோதனை ஒன்று நம்மிடமே இருக்கிறது. கணப்பு அடுப்பைச் சுற்றிக் குந்தி உட்காருவதுபோல், குதிகால் தரையில் பதிய ஒரு நிமிடம் குந்தி இருங்கள். அப்படி உட்கார முடிந்தவருக்கு ஸ்குவாட்டில் மட்டும் குதிகால் எழும்பினால், குறை பார் பிடிக்கும் விதத்திலோ நிற்கும் விதத்திலோ இருக்கிறது.

கடைசியாகப் பலகைச் சோதனை. 18 மி.மீ. பிளைவுட் துண்டைத் தரையில் வைத்து, அதன் மேல் இரண்டு குதிகால்களையும் ஏற்றி, வெறும் பாரோடு ஐந்து ஸ்குவாட் போடுங்கள். பக்கவாட்டிலிருந்து போனில் படம் பிடியுங்கள். பிறகு பலகை இல்லாமல் அதே ஐந்து. முதுகு வளைவது பலகையில் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தால் ஷூ வாங்கலாம். இரண்டு படமும் ஒரே மாதிரி இருந்தால் பணம் மிச்சம். இது சோதனைக்கு மட்டும். பாரில் மாட்டும் வட்டமான பிளேட்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்துக் கனமான செட் போடுவது வேறு ஒரு விபத்து.

வாங்குவது என்று முடிவானால் விளம்பரத்தில் போட்டிருக்கும் ‘ஹீல் உயரம்’ எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். குதிகால் பக்கம் சோல் 34 மி.மீ., முன்பக்கம் 14 மி.மீ. என்றால் கணுக்காலுக்குக் கிடைப்பது 20 மி.மீ. மட்டும்தான். வித்தியாசம்தான் கணக்கு. ஒலிம்பிக் லிஃப்டிங் ஷூக்கள் பல ஏறக்குறைய இந்த 20 மி.மீ. அளவில்தான் வருகின்றன. ஹீல் கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. வெளியே லிஃப்டிங் ஷூவைப் போல ஸ்ட்ராப் வைத்து, உள்ளே நுரை வைத்த ஷூக்களும் ஆன்லைனில் விற்கின்றன.

பாரைத் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், பாரைத் தோளின் முன்பக்கம் வைத்துக் குந்தும் ஃப்ரண்ட் ஸ்குவாட் செய்கிறவர்கள் இந்தச் சோதனைகளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உடம்பு நிமிர்ந்தே இருக்க வேண்டிய தூக்குகள் அவை. ஹீல் அங்கே பொருத்தமான கருவி. பாரை முதுகில் தாழ்வாக வைத்து இடுப்பைப் பின்னே தள்ளி இறங்கும் லோ பார் ஸ்குவாட்டுக்குத் தட்டை ஷூவே பெரும்பாலும் போதும். சிலர் அதிலும் ஹீலை விரும்புவார்கள். அது வருடங்கள் போன பிறகு வருகிற விருப்பம்.

அதே ஷூவில் டெட்லிஃப்ட்

தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து நிமிர்வதுதான் டெட்லிஃப்ட். அதற்கு ஹீல் ஷூவைக் கழற்றுங்கள். முழு அளவுப் பிளேட்டின் விட்டம் 450 மி.மீ., பார் தரையிலிருந்து 225 மி.மீ. உயரத்தில் நிற்கும். சோல் எவ்வளவு தடிமனோ அவ்வளவு கூடுதலாகக் குனிய வேண்டும். போதாததற்கு ஹீல் உங்களை விரல் பக்கம் தள்ளும். பார் காலைவிட்டு முன்னே விலகும். கேன்வாஸ் ஷூவோ மெல்லிய டெட்லிஃப்ட் ஸ்லிப்பரோ போதும். வெறுங்காலில் செய்யலாம்தான், ஆனால் டிசம்பர் காலையில் சிமெண்ட் தரையில் பாதம் மரத்துப்போனால் எடை எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

கோவையில் அளவெடுத்து ஊட்டியில் போடுவது

பெரிய கடை தேடிக் கோயம்புத்தூர் இறங்குவது நம் வழக்கம். கோவையின் உயரம் சுமார் 400 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். பிற்பகல் வெயிலில் நடந்து வீங்கிய காலுக்கு அளவெடுத்தால், மலைக் குளிரில் காலையில் அதே ஷூ தொளதொளக்கும். “அதனாலென்ன, கம்பளி சாக்ஸ் போட்டுக்கலாம்” என்பதுதான் அடுத்த தவறு. தடித்த சாக்ஸுக்குள் பாதம் வழுக்கும். கெட்டி சோல் வாங்கியதன் பயனே போய்விடும்.

பயிற்சி செய்யும் அதே நேரத்தில், பயிற்சிக்குப் போடும் அதே மெல்லிய பருத்தி சாக்ஸோடு வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். குதிகாலைச் சுவரில் ஒட்டி, காகிதத்தின் மேல் எடையோடு நின்று, நீளமான விரல் நுனியில் கோடு போட வேண்டும். பெரிய காலின் அளவே கணக்கு. ரன்னிங் ஷூவில் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடச் சொல்வார்கள். இங்கே 3 முதல் 5 மி.மீ. போதும். லேஸ் கட்டி எழுந்து நடந்தால் குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. குந்தினால் பக்கவாட்டில் விரல்கள் நசுங்கக் கூடாது. சைஸ் எண்ணை நம்பாமல் செ.மீ. அளவைப் பாருங்கள்: அடிடாஸில் யுகே 8 என்பது யுஎஸ் 8.5, நைக்கியில் யுகே 8 என்பது யுஎஸ் 9.

உள்ளே ஜெல் இன்சோல்

வேண்டாம். கழற்றிய நுரையைத் திரும்ப உள்ளே வைக்கிற வேலை.

கெட்டி ஷூ, கீழே நுரைப் பாய்

வீட்டில் பயிற்சி செய்கிறவர்கள் கோத்துப் போடும் வண்ணப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு பிளைவுட் மேல் நில்லுங்கள்.

வீட்டிலிருந்தே போட்டு வருவது

பையில் கொண்டு வாருங்கள். சரிவுப் பாதையில் ஈரச் செம்மண் ஒட்டிய சோல் ரப்பர் மேட்டில் வழுக்கும்.

ஈரத்தில் விட்டுவிடுவது

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மழை. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை. இந்த மாதங்களில் மூடிய பெட்டிக்குள் வைத்த தோல் ஷூ பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். மர ஹீல் என்றால் ஈரத்தில் ஊதி, ஒட்டிய இடத்தில் வாய் பிளக்கும். அதைவிட மோசம் பாலியூரித்தேன் சோல்: காற்றின் ஈரமே அதை உள்ளுக்குள் சிதைக்கும். பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்த ஷூவின் சோல் நான்கைந்து வருடத்தில் ரொட்டித் தூள்போல் உதிர்வது இதனால்தான். பாதி விலைக்கு வரும் பழைய ஸ்டாக்கை வாங்கும்போது, ஷூ நாக்கின் உட்புற லேபிளில் தயாரிப்பு மாதம் இருந்தால் படியுங்கள்; சோலை வளைத்து வெடிப்போ பிசுபிசுப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

நனைந்தால் கணப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகி சோல் கழன்றுவரும். இன்சோலை வெளியே எடுத்து, ஸ்ட்ராப்பை முழுக்கத் திறந்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வையுங்கள். தாள் ஈரம் குடித்ததும், முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மாற்ற வேண்டும்.