பாலிஷா, வேக்ஸா? சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டுப் பனிக்கும் கார் பெயின்ட் மினுமினுக்க

கடை அலமாரியில் எத்தனை பாட்டில் அடுக்கியிருந்தாலும் அவை செய்யும் வேலை இரண்டுதான். ஒன்று பெயின்ட்டைச் சீவும், மற்றது அதன் மேல் படலமாக உட்காரும். காம்பவுண்ட், பாலிஷ், ஸ்வர்ல் ரிமூவர் எல்லாம் சீவுகிற ரகம். வேக்ஸ், சீலன்ட், கோட்டிங் மூடுகிற ரகம். ‘கிளீனர் வேக்ஸ்’, ‘பாலிஷ் அண்ட் வேக்ஸ்’ என்று போட்டிருந்தால் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும். நேரமில்லாதவர்களுக்கு அதுவும் மோசமில்லை.

இந்த வித்தியாசம் தெரியாமல் மாதாமாதம் ‘பாலிஷ்’ போடச் சொல்பவர்கள்தான் காரைக் கெடுக்கிறார்கள். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர்கோட் என்ற நிறமற்ற பூச்சு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். வருஷத்துக்கு ஒரு முறைகூட அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக்ஸ் அப்படியில்லை, எத்தனை தடவை பூசினாலும் பெயின்ட் குறையாது.

எதை வாங்குவது என்று பார்க்கும் முன் காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தால் பாலிஷ் தேவை. தெரியாவிட்டால் நேராக வேக்ஸுக்குப் போகலாம். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டும்போது நகம் மாட்டினால் அது ஆழமான கீறல். எந்தப் பாட்டிலும் அதைச் சரிசெய்யாது. டச்-அப் பெயின்ட்தான் வழி.

அந்த வட்டக் கீறல்களுக்குப் பெரும்பாலும் காரணம் காலையில் உலர்ந்த துணியால் தட்டித் துடைக்கும் பழக்கம். பைபாஸில் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் வந்த காரில் மணல் துகளும், சேலத்தில் மாமாங்கம், கருப்பூர் பக்கம் ஓடும் காரில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசியும் படிந்திருக்கும். துணியோடு சேர்த்து அதையும் பெயின்ட்டில் இழுத்தால் என்ன ஆகும்? முதலில் தண்ணீரை வேகமாக அடித்துத் தூசியை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டீசல் தொட்டுத் துடைத்தால் அரை நாளைக்குப் பளபளக்கும், அப்புறம் அந்த எண்ணெய்ப் பசையே தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயிலில் காயும்போது வெள்ளை வட்டங்கள் விழும். கழுவி முடித்து ஐந்து லிட்டர் ஆர்ஓ தண்ணீரை மேலிருந்து ஊற்றி, மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றியெடுங்கள். ஏற்கெனவே விழுந்த வட்டத்துக்கு வெள்ளை வினிகரும் ஆர்ஓ தண்ணீரும் சரிபாதி கலந்து, நனைத்த துணியை ஒன்றிரண்டு நிமிடம் போட்டுவைத்துக் கழுவிவிடலாம். அதற்கும் போகாவிட்டால் கறை கிளியர்கோட்டில் இறங்கிவிட்டது என்று அர்த்தம், பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கழுவியபின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். நறநறவென்று இருந்தால் கிளே பார் (ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) போட வேண்டும். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கஞ்சத்தனம் பார்த்து மறுபடி எடுத்துத் தேய்த்தால் ஒட்டிய மண்ணே காரைக் கீறும்.

பாலிஷ் வாங்கும்போது எப்போதும் இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்குங்கள். டிக்கி மூலையில் ஓர் அடி சதுரத்தில் முயன்று பார்த்து, போதவில்லை என்றால்தான் அதைவிட அதிகமாகச் சீவும் காம்பவுண்ட். கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டாவிட்டால் வெள்ளைப் பொடி உள்ளே புகுந்து மாதக்கணக்கில் நிற்கும். ஸ்பான்ஜில் பட்டாணி அளவில் நாலு சொட்டு வைத்து, 40 செ.மீ. சதுரமாக எடுத்துக்கொண்டு, பால் போன்ற படலம் தெளியும்வரை தேய்க்க வேண்டும். மெஷின் என்றால் சுழன்றபடியே ஆடி ஆடித் தேய்க்கும் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் புதியவர்களுக்குப் பாதுகாப்பு. வெறுமனே சுழலும் ரோட்டரி ஒரே இடத்தில் நின்றால் சூடேறி, கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் கிளியர்கோட்டைத் தின்றுவிடும். ஸ்பான்ஜில் காரின் நிறம் ஒட்டினால் நிறுத்திப் பாருங்கள்: பழைய காரின் கிளியர்கோட் இல்லாத சாலிட் பெயின்ட்டாக இருக்கலாம், இல்லாவிட்டால் கிளியர்கோட் போயே போய்விட்டது. மினுக்கில்லாத மேட் ஃபினிஷ் காருக்குப் பாலிஷ் கூடவே கூடாது.

இனி மூடுகிற ரகம். கார்னாபா என்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. சுத்தமான கார்னாபா உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் டப்பாவில் வருவது வேறு மெழுகும் எண்ணெயும் கலந்தது, அதற்கு முன்பே இளகும். கருப்பு, சிவப்பு, அடர்நீலக் காரில் அதன் ஆழமான மினுக்கு அழகுதான். ஆனால் வெயிலில் நிற்கும் காரில் ஒன்றரை மாதம் தாங்கினாலே பெரிது. வெள்ளை, சில்வர் காருக்கு அந்த அழகு கண்ணுக்கே தெரியாது. செயற்கை பாலிமர் சீலன்ட் வாங்குங்கள், நாலைந்து மாதம் எதிர்பார்க்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சீலன்ட், மறுநாள் அதன்மேல் கார்னாபா. மாற்றிப் பூசினால் சீலன்ட் பெயின்ட்டில் பிடிக்காது. பாலிஷின் எண்ணெய் மிச்சமிருந்தாலும் இதே கதிதான், நன்றாகத் துடைத்தெடுத்த பிறகே பூசுங்கள்.

பூசும் முன் புறங்கையை பானெட்டில் வையுங்கள். சுட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். சூட்டில் வேக்ஸ் உடனே காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்தெடுக்கக் கை வலிக்கும். கோடையில் காலை எட்டரைக்குள் முடிப்பது உத்தமம். ஒரு ஹேட்ச்பேக்குக்கு 15 முதல் 20 கிராம் போதும். தடிமனாகப் பூசினால் மினுக்கு கூடாது, துடைக்கிற வேலைதான் கூடும். ஐந்து, பத்து நிமிடம் கழித்து விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாகத் தெளிந்தால் துடைக்கலாம், இழுவினால் இன்னும் காயவில்லை.

ஏற்காட்டில் இந்தக் கணக்கு மாறும். பனி இறங்கும் மாலையில் வேக்ஸ் காயாமல் ஈரமாகவே கிடக்கும், சீலன்ட்டும் இறுகாது. அங்கே வெயில் ஏறியபின் மூடிய ஷெட்டில் பூசி, இரவு முழுக்கப் பனி படாமல் வைத்திருங்கள். சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தும் காருக்குப் பறவை எச்சம்தான் பெரிய எதிரி. அதிலுள்ள அமிலம் வெயில் சூட்டில் கிளியர்கோட்டை அரிக்கும். ஈர டிஷ்யூவைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் தூக்குங்கள், சுரண்டாதீர்கள்.

டிங்கரிங், பெயின்டிங் முடித்து வந்த காருக்கு உடனே வேக்ஸ் பூசக் கூடாது. புதுப் பெயின்ட்டிலிருந்து தின்னர் வெளியேற ஒரு மாதமாவது விடுங்கள், சரியான கணக்கைப் பெயின்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மறுபடி எப்போது பூசுவது? கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் படலம் இருக்கிறது. பானெட்டில் பாயாகப் பரவி நின்றால் போய்விட்டது. கூரையும் பானெட்டும் கதவுகளுக்கு முன்பே தேய்ந்துபோகும், அந்த இரண்டுக்கு மட்டும் இடையில் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்தால் போதும்.